சுடிதாருக்கு ஒரு பாக்கெட்

அன்புத் தோழியருக்கு,

போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று மூன்று நாள் என் மேசையை விட்டு நகரவில்லை. எழுதியவள் திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டான் பக்கத்துக் கிராமத்துப் பெண். டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தவள். எழுதியபோதுதான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருந்தது, ஒன்றாம் தேதி சேர வேண்டியிருந்தது. வேலை உத்தரவோடு வந்த தாளில் போட்டோ, வங்கிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறார்கள்: ‘ஃபார்மல்ஸில் வரவும்.’ மடியில் சொளகோடு பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். “ஏட்டி, அது என்ன துணி? டவுன்ல எந்தக் கடையில கிடைக்கும்?” என்று கேட்டாராம் அம்மா.

“எனக்கும் பதில் தெரியலை அக்கா. யூடியூபில் பார்த்தால் எல்லாரும் கோட் போட்டிருக்காங்க. நான் பஸ்ஸில் போகணும். என்ன வாங்க, எவ்வளவுக்கு வாங்க?” என்று முடித்திருக்கிறாள்.

தங்கச்சி, உன் அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. அது என்ன துணி என்று யாருமே சொல்வதில்லை. நாற்பது வருடமாகத் துணி கட்டி, அதில் முப்பது வருடம் வேலைக்கும் போன எனக்கே அந்த வார்த்தையைக் கேட்டால் கோட் போட்ட வெளிநாட்டுப் பெண் ஒருத்திதான் கண்ணில் வருகிறாள். அவளுக்கு வியர்ப்பதே இல்லை. அவள் தாழையூத்து நிறுத்தத்தில் நின்று பஸ் ஏறியதும் இல்லை.

விதி என்ன சொல்கிறது என்று பார்த்தால், அது நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. 2019-இல் தமிழ்நாடு அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை குறித்து ஓர் ஆணை போட்டது. பெண்கள் சேலை கட்டலாம், சல்வார் கமீஸ் போடலாம், துப்பட்டாவோடு சுடிதார் போடலாம். கண்ணைப் பறிக்காத நிறமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்களுக்கு அதில் வேட்டிக்கும் இடம் உண்டு. வக்கீல் அம்மாக்களுக்குத்தான் கறுப்பும் வெள்ளையும் கழுத்துப் பட்டையும் கட்டாயம். அவர்களுக்கும் கோடையில் கீழ்க் கோர்ட்டுகளில் கறுப்புக் கோட்டிலிருந்து பார் கவுன்சில் விதி விலக்குத் தருகிறது. பாளையங்கோட்டையில் ஒரு சித்திரை மாதத்தைக் கழித்தவர் யாராவது அந்தக் கவுன்சிலில் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

தொழிற்சாலை விஷயம் இன்னும் வேடிக்கை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டிய வேலை வந்தால், அதற்கென்று பயிற்சி பெற்ற ஆண்தான் போக வேண்டும். அவர் உடம்போடு ஒட்டிய உடுப்பு போட்டிருக்க வேண்டும். அந்த உடுப்பை ஆலைக்காரர் கொடுக்க வேண்டும். காயம் படக்கூடிய இடத்தில் ஓடும் இயந்திரத்தைத் துடைப்பதும் எண்ணெய் போடுவதும் பெண்களுக்குக் கூடாது. சட்டம் எழுதியவர்கள் மனதில் ஒரு முந்தானையும் ஒரு பின்னலும் ஆடிக்கொண்டு இருந்திருக்கும்போல. பெண்ணுக்கும் அதே ஒட்டிய உடுப்பைக் கொடுத்தால் என்ன என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது கங்கைகொண்டானில் வந்து பாருங்கள். ராஜேந்திர சோழனின் பட்டப்பெயரைத் தாங்கி, சிற்றாற்றங்கரையில் ஒரு பழைய சிவன் கோயிலோடு இருந்த ஊர். நான் சிறுமியாக இருந்தபோது மதுரை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கும் பொட்டல் அது, புள்ளிமான் தெரிகிறதா என்று பார்க்க மட்டும் கண் விழிப்போம். (மான்களுக்கு 2013-இல் சரணாலயமே வந்துவிட்டது. அவற்றுக்கு உடுப்புக் கவலையும் கிடையாது.) அந்தச் சிப்காட்டில் டயர் ஆலை வந்தது, தகவல் தொழில்நுட்பத்துக்கென்று தனி மண்டலம் வந்தது. 2025 பிப்ரவரி 6 அன்று டாடா பவர் நிறுவனத்தின் சோலார் ஆலையை முதலமைச்சர் திறந்து வைத்தார். வருடத்துக்கு 4.3 கிகாவாட் அளவுக்குச் சோலார் செல்களும் பலகைகளும் செய்யும் ஆலை. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள், பீடி சுற்றிய கைகளின் பிள்ளைகள்.

சோலார் செல் செய்யும் அறைகளில் பொதுவாக என்ன உடுப்பு தெரியுமா? தலை முதல் கால் வரை ஒரே அங்கி. தலைமுடியை முழுக்க மூடும் தொப்பி, முகத்துக்கு மறைப்பு, கையுறை, தனிச் செருப்பு. பவுடர் கூடாது, வளையல் கூடாது, தலையில் பிச்சிப் பூ கூடவே கூடாது. சிலிக்கான் தகடு தலைமுடியைப் போல இரண்டு மூன்று மடங்கு பருமன்தான் இருக்கும். அதில் ஒரு தூசி விழுந்தாலும், துணி உரசி வரும் மின்சாரம் பட்டாலும் கேடு. அதாவது, அங்கே உடுப்பு இருப்பது தகட்டை நம்மிடமிருந்து காப்பாற்ற! இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் திண்ணையில் உட்கார்ந்து பீடி இலை வெட்டும் பெண்களை நினைத்ததும் சிரிப்பு நின்றது. காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை புகையிலைத் தூள் படிவது அவர்கள் நைட்டியில். அந்தத் தூளிலிருந்து அவர்களைக் காப்பாற்ற யாரும் எந்த அங்கியும் தைக்கவில்லை. கடைக்குக் கட்டுகளை ஒப்படைக்கப் போகும்போது நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். அது தெருவின் கண்ணுக்காக.

ஆக, தாமிரபரணிக் கரையில் பெண்களின் வேலை உடுப்பு என்பது இன்று நேற்று வந்த பேச்சு இல்லை. என் ஆச்சி பின்கொசுவம் வைத்துத்தான் கட்டுவாள். கொசுவம் முதுகுப் பக்கம் போய்விடுவதால் முன்னால் காலுக்குத் தடை இருக்காது. வரப்பில் எட்டு வைக்கலாம், சேற்றில் குனிந்து நாற்று நடலாம், இரண்டு இழுப்பில் முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகலாம். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிவிட்டால் அதற்குள் வெற்றிலைப் பையும் சில்லறையும் இருக்கும். பாம்படம் ஆட அவள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட அவள் சேலையைச் சரி செய்து பார்த்ததில்லை. அம்மா காலத்தில் கொசுவம் முன்னால் வந்தது. டீச்சர் வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் அது போதும், நிற்கவும் உட்காரவும்தானே. ஆனால் பஸ் படியில் முதலில் சிக்குவது அந்த முன்கொசுவம்தான். அம்மா வாழ்நாள் முழுக்க இடது கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால்தான் எல்லா வேலையும் செய்தாள். ஒரு கையை உடுப்புக்கே கொடுத்துவிட்ட தலைமுறை அது.

எனக்கு வேறு கதை. முதல் வேலைக்குச் சேர்ந்த வருடம், ஆடி மாதம். அண்ணன் பைக்கில் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து ஆற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தேன், நம்ம சுலோசன முதலியார் பாலம்தான். அங்கே ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். புது சுடிதார், இரண்டரை மீட்டர் ஷிஃபான் துப்பட்டா, கடையில் வைத்திருந்த படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. காற்றில் பறந்த முனை சக்கரத்துக்குள் போனது எனக்குத் தெரியவில்லை. கழுத்து பின்னால் இழுத்தபோதுதான் தெரிந்தது. அண்ணன் சட்டென்று பிரேக் போட்டான், நான் தரையில். பாலத்து முனையில் கொய்யாப்பழம் விற்ற அம்மா ஓடி வந்து, பழம் வெட்டும் கத்தியால் துப்பட்டாவை அறுத்து எடுத்தார். “சாவுதுக்கா சோடிச்சிட்டுப் போற?” என்று ஒரு அதட்டு. பிறகு அவரே பாதித் துப்பட்டாவை உதறி மடித்து என் தோளில் போட்டு ஊக்கு குத்திவிட்டார். அன்று அலுவலகத்தில் என் உடை நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

அந்தக் கொய்யாக்கார அம்மாவின் கேள்வியைத்தான் நான் இன்றைக்கும் துணிக்கடையில் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன், கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில். இந்தத் துணி என்னோடு பஸ் ஏறுமா? இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட முடியுமா? மாடிப்படி ஏறி, குனிந்து, கீழே விழுந்த பேனாவை எடுக்க முடியுமா? மே மாதம் மதியம் முதுகு நனைந்தால் வெளியே தெரியுமா? வெயிலிலிருந்து ஏசிக்குள் போனதும் அதே ஈரம் குளிருமா? இதற்கெல்லாம் பதில் சொல்லும் துணி பார்வைக்கும் ஒழுங்காகத்தான் இருக்கும், பெரும்பாலும். பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் துணி எல்லாம் இதற்குப் பதில் சொல்லாது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். முதல் மாதச் சம்பளம் கைக்கு வர முப்பது நாள் ஆகும். துணியை மட்டும் முதல் நாளே வாங்கியாக வேண்டும். இந்த இடைவெளியில்தான் எல்லாரும் கடன்படுகிறோம். அதனால் ஒரே நாளில் அலமாரியை நிரப்பாதே. மூன்று டாப், இரண்டு பேண்ட், இரண்டு துப்பட்டா. ஒன்றுக்கொன்று சேரும் நிறமாக எடுத்தால் மாற்றி மாற்றி ஆறு நாளுக்கு ஓடும். பேண்ட் இரண்டும் கருநீலம், கறுப்பு, அடர் பழுப்பு என்று அடர்ந்த நிறத்தில் இருக்கட்டும். மாதத்தில் மூன்று நாள் அதற்கு நீ எனக்கு நன்றி சொல்வாய். லெக்கிங்ஸ் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது உன் இஷ்டம். ஆனால் நாள் முழுக்க நின்று வேலை செய்தவர்களைக் கேட்டுப் பார், காற்றுப் போகும் பருத்திப் பேண்ட்டுக்குத்தான் ஓட்டு விழும். ஒரு மாதம் போட்டுப் பார்த்த பிறகு எது இல்லாமல் திண்டாடினாயோ அதை இரண்டாம் சம்பளத்தில் வாங்கு. ஆடித் தள்ளுபடியில் ‘மூன்று எடுத்தால் ஒன்று இலவசம்’ என்று அந்த நாலாவதற்காக மூன்றை எடுக்காதே. என் பீரோவில் அப்படி வந்த நாலாவதுகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன.

விலையை இப்படிக் கணக்குப் போடு. 1,500 ரூபாய் சேலையை வாரம் ஒரு தடவை கட்டினால் வருடத்துக்கு 50 தடவை, ஒரு தடவைக்கு 30 ரூபாய். 600 ரூபாய்க்கு எடுத்தது பத்து சலவையில் வெளுத்துப் போனால் ஒரு தடவைக்கு 60 ரூபாய். எது மலிவு என்று அம்மாவிடம் கேள். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்று பைசா பைசாவாகக் கணக்கு வைத்திருப்பவருக்கு இது ஒரு நொடிக் கணக்கு.

சேலை கட்டும் வேலையாக இருந்தால், தினசரிக்குக் கைத்தறிப் பருத்தி என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். நானும் கோ-ஆப்டெக்ஸ் வாசலில் ரிபேட் பலகை தொங்கினால் உள்ளே போகிற ஆள்தான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி போய்விடும். அந்த ஞாயிறு யாருடையது? வீட்டில் வேறு யாராவது கஞ்சி போடுவார்கள் என்றால் சரி. இல்லையென்றால் கலப்பு நூல் சேலையைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் கட்டுங்கள். வீரவநல்லூர் செடிபுட்டா அப்படியொன்று. செயற்கைப் பட்டும் பருத்தியும் கலந்த தறிச் சேலை, உடம்பெங்கும் பூவோடு கூடிய குட்டிச் செடி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஆபீஸில் கூட்டம், விழா என்றால் நான் எடுப்பது அதைத்தான். உள்ளூர்ப் பெருமைக்காகக் கொஞ்சம், மற்றபடி முழு நாள் உட்கார்ந்து எழுந்தாலும் வயிற்றுப் பக்கம் கசங்கி நிற்காது என்பதற்காக.

துணியைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி, கடையில் துணி எடுத்துப் போடும் பெண்கள் சொல்லித் தந்தது. திருநெல்வேலி கல்யாணப் பட்டுக்குப் பேர் போன ஊர், 1924-இல் ஆரெம்கேவி தொடங்கிய ஊர். பட்டு மாடியில் மணிக்கணக்காக உட்கார்ந்து எடுப்போம். தினசரிக்கு உடுத்துவதைக் கீழே ஐந்து நிமிடத்தில் பொறுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அப்படி அவசரப்பட்ட ஒரு நாள், ஒரு கவுண்ட்டர் பெண் என் கையிலிருந்த குர்த்தியை வாங்கி, ஓரத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து, பத்து எண்ணி விட்டாள். துணி கசங்கிய காகிதமாக விரிந்தது. “இதைப் போட்டுட்டு பஸ்ல உக்காந்தீங்கன்னா இப்படித்தான் எறங்குவீங்க அக்கா” என்றாள். பிறகு கைக்குட்டையை நனைத்து இன்னொன்றின் உள்பக்கத்தைத் தேய்த்தாள், கைக்குட்டை சிவந்தது. “இது சாயம் விடும். பில் போடவா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க.” நூல் முனையைப் பற்றவைத்துப் பார்ப்பது கடையில் நடக்காது, வீட்டில் செய்யலாம். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

அந்தப் பெண் இதையெல்லாம் சொன்னது நின்றுகொண்டே. காலையில் கடை திறந்ததிலிருந்து நிற்கிறாள். அவளுக்கும் ஒரு வேலை உடுப்பு உண்டு, எல்லாருக்கும் ஒரே நிறச் சேலை, தோளில் பின் குத்திய மடிப்பு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-இல். கேரளம் அதற்கு மூன்று வருடம் முன்பே கொண்டுவந்துவிட்டது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் வேண்டியிருந்தது. அடுத்த தடவை துணி எடுக்கப் போகும்போது, நாம் உட்கார்ந்த பிறகு “நீயும் உக்காரும்மா, உக்காந்துட்டே காட்டு” என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னபோது அவள் முதலில் சுற்றும் முற்றும் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்தாள்.

இன்னொன்று. இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன், பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. பாக்கெட்!

ஆண்களின் சட்டையில் ஒன்று, பேண்ட்டில் நாலு. நமக்கு ஒன்றும் இல்லை. அடையாள அட்டை கழுத்தில், போன் கையில், பஸ் சில்லறை பர்ஸில், பர்ஸ் கைப்பையில், கைப்பை லாக்கரில். சீட்டிலிருந்து எழுந்து கழிவறைக்குப் போக ஒரு நாப்கினை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் கைப்பையையே தூக்கிக்கொண்டு போக வேண்டும், அல்லது துப்பட்டாவுக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டு திருடி மாதிரிப் போக வேண்டும். என் ஆச்சிக்கு முந்தானை முடிச்சு இருந்தது. மூன்று தலைமுறை படித்து முன்னேறி நாம் அதையும் தொலைத்துவிட்டோம்.

பாளையங்கோட்டையில் எனக்கு முப்பது வருடமாகத் தைத்துத் தரும் அண்ணாச்சி முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. “சுடிதாருக்குப் பையா? இடுப்புக்கிட்ட தூக்கிட்டுத் தெரியும்லா” என்றார். தெரிந்தால் தெரியட்டும் என்றேன். பக்கத் தையலைப் பிரித்தார். திறப்பு ஆறு அங்குலம், இடுப்புக்கு நான்கு விரல் கீழே தொடங்குகிறது. உள்ளே லைனிங் துணியில் ஒரு பை, கை மணிக்கட்டு வரை போகும் ஆழம். திறப்பின் இரண்டு முனையிலும் இரட்டைத் தையல், இல்லையென்றால் போன் பாரத்துக்குக் கிழிந்துவிடும். பையின் மேல்முனையை இடுப்புத் தையலோடு ஒரு நூல் பிடித்துவிட்டார், அதனால் நடக்கும்போது ஆடுவதில்லை. இருபது நிமிட வேலை. போட்டுப் பார்த்தேன், தூக்கிக்கொண்டு தெரியவில்லை. இப்போது அவரே வருகிறவர்களிடம் “பை வைக்கணுமா?” என்று கேட்கிறார். அதே போல பிளவுஸுக்கும் டாப்புக்கும் பக்கத்தில் ஓர் அங்குலம் துணி உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லிவிடு. வேலைக்குப் போன முதல் வருடம் கேன்டீன் சாப்பாட்டில் உடம்பு போடும், போடட்டும்.

இவ்வளவையும் அந்தப் பெண்ணுக்குத் தனிக் கடிதமாக முன்பே எழுதிப் போட்டேன். போன வாரம் பதில் வந்தது. வேலையில் சேர்ந்துவிட்டாள். உள்ளே போனதும் கம்பெனி அங்கி, அதனால் மூன்று டாப்பையும் பார்ப்பது பஸ்ஸும் கேன்டீனும் தெருவும்தான் என்று எழுதியிருக்கிறாள். மூன்றிலும் பாக்கெட் வைத்தாகிவிட்டது. அதைப் பார்த்த அம்மா, தன் நைட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டு அதே தையற்கடைக்குப் போயிருக்கிறார். “நைட்டிக்குமா?” என்று கேட்டாராம் தையல்காரர். “ஏன், எனக்குக் கணக்கு அட்டை வைக்க எடம் வேண்டாமா?” என்றாராம்.

அன்புடன்,
ஆசிரியர்